ராமேஸ்வரம் போகிற வழியில் என்ன கேட்பது?

மதுரை சுற்றுச்சாலையைத் தாண்டி வண்டி ராமேஸ்வரம் ரோட்டில் ஏறியதும் எல்லாக் குடும்பத்திலும் ஒரே பஞ்சாயத்துதான்: என்ன போடுவது? ஓட்டுகிறவருக்குப் பழைய பாட்டு வேண்டும். பெரியவர்களுக்குப் பக்திப் பாடல். வயசுக்கு வந்த பிள்ளை காதில் இயர்போனை மாட்டிக்கொள்ளும். சின்னது, "போனைக் குடு, கார்ட்டூன் பாக்கணும்" என்று சிணுங்கும். சரி, பாட்டே வேண்டாம், எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் கேட்போம் என்று முடிவெடுத்தாலும் பஞ்சாயத்து தீராது. எந்த பாட்காஸ்ட் என்று அடுத்த சுற்று ஆரம்பிக்கும்.

நான் ராமநாதபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். ஒரு பக்கம் மதுரை, இன்னொரு பக்கம் பாம்பன் தீவு, தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று குடும்பத்தோடு ரோட்டில் போவது எங்களுக்கு வாடிக்கை. வண்டியை என் வீட்டுக்காரர் ஓட்டுவார். பின்னால் அத்தை, எட்டாவது படிக்கிற மகள், ஒன்றாவது படிக்கிற மகன். முன் சீட்டில் உட்கார்ந்து எதைப் போடுவது என்று பார்க்கிற வேலை என்னுடையது. இந்த நாலு பேருக்கும் சேர்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சாதாரண வேலையில்லை. அதனால் வகை வகையாகக் கேட்டுப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதை இங்கே ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

ஒரு நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்த முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தனியாகக் கேட்கிறவருக்கு நிறுத்தவே விடாத நிகழ்ச்சி நல்ல நிகழ்ச்சியாக இருக்கலாம். குடும்பம் கேட்கும்போது அப்படியில்லை. சின்னவன் ஒரு கேள்வி கேட்பான், அத்தைக்கு ஒரு ஞாபகம் வரும், ரோட்டோரம் முண்டு மிளகாய் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருக்கும், நுங்குக்காரரைப் பார்த்ததும் வண்டி நிற்கும். நிறுத்தியதும் பேச்சு எழ வேண்டும், மறுபடி போட்டதும் கதை விட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டுக்கும் இடம் தராத நிகழ்ச்சி எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும் எங்கள் வண்டிக்கு ஆகாது.

அடுத்தது குரல். வயதானவர்களுக்குக் காது மங்கும்போது பெரும்பாலும் முதலில் போவது உச்ச ஒலிகள்தான். சத்தம் கேட்கும், சொல் புரியாது. அதோடு டயர் இரைச்சலும் ஏ.சி. இரைச்சலும் சேர்ந்தால், பின்னணி இசை போட்டு நாலு பேர் மாற்றி மாற்றிப் பேசுகிற நிகழ்ச்சி அத்தைக்கு வெறும் இரைச்சலாகத்தான் போய்ச் சேரும். ஒற்றைக் குரல், நிதானமான வாசிப்பு, இசை குறைவு: இந்த மூன்றும் இருந்தால் பாதி வெற்றி. வேகம் அதிகமாகப் பட்டால் செயலியிலேயே 0.8 என்று குறைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் முகம் அதிலேயே தெளிந்துவிடும்.

இந்த இரண்டு கணக்கிலும் முதலிடம் வாங்குவது நாட்டுப்புறக் கதை சொல்லும் தமிழ் பாட்காஸ்ட்கள்தான். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம், ஒரு கதை முடிந்துவிடும். நேற்றுக் கேட்ட பகுதி ஞாபகம் இருக்க வேண்டிய அவசியமில்லை. ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி போய்ச் சேர்வதற்குள் ஒரு கதை முடிந்து, அதைப் பற்றிப் பேசவும் நேரம் இருக்கும்.

ஒருமுறை நரி–ஆமைக் கதை ஓடிக்கொண்டிருந்தது. நரி ஆமையைப் பிடிக்கிறது, ஓடு கடிபடவில்லை, தண்ணீரில் ஊறவைத்தால் மெத்தென்று ஆகும் என்று ஆமை சொல்கிறது, நரி தண்ணீரில் போட்டதும் ஆமை தப்பிவிடுகிறது. அவ்வளவுதான் கதை என்று அந்தக் குரல் முடிக்கப் போன நேரத்தில் அத்தை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அத நிப்பாட்டுத்தா. முக்கியமானத விட்டுப்புட்டாங்களே. நரி சும்மாவா போடும்? மேல கால வச்சு அமுக்கிக்கிட்டுல்ல இருக்கும். 'ஊறிருச்சா'ன்னு கேக்கும். 'எல்லாம் ஊறிருச்சு நரியாரே, ஒங்க காலுக்குக் கீழ மட்டும் ஊறல'ன்னு ஆமை சொல்லும்."

"அப்ப நரி காலத் தூக்குச்சா அப்பத்தா?"

"தூக்காம? தூக்குன ஒடனே ஆமை அங்கிட்டுப் போயே போச்சு."

சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். இயர்போன் மாட்டியிருந்த மகள் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு, "அப்பத்தா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். அந்த பாட்காஸ்டில் இருந்த குறையைக்கூட நான் நல்லதாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். பெரியவர்களுக்குத் தெரிந்த கதையைப் போட்டால் அவர்கள் கேட்பதோடு நிற்க மாட்டார்கள், திருத்துவார்கள். வண்டியில் கதை சொல்கிற ஆள் இருவராகிவிடுவார்.

இந்த வகையில் ஆங்கிலத்திலும் நல்லது இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வானொலி நிலையம் ஒன்று தயாரிக்கும் 'சர்க்கிள் ரவுண்ட்' பல நாட்டு நாட்டுப்புறக் கதைகளை நடிகர்களை வைத்துச் சொல்கிறது. தயாரிப்பு அருமை. ஆனால் அத்தைக்கு ஆங்கிலம் ஒத்துவராது. அவரை ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார வைத்துவிட்டு மற்ற மூன்று பேர் சிரிப்பது எனக்குச் சம்மதமில்லை. தாத்தா பாட்டி இல்லாமல் போகிற பயணத்துக்கு, ஆங்கிலம் பழக வேண்டிய பிள்ளைகளுக்கு, தாராளமாகப் போடலாம்.

அடுத்த பெரிய வகை நாவல் வாசிப்பு. தீபிகா அருணின் 'கதை ஓசை' மாதிரி ஒற்றைக் குரலில் தமிழ்க் கதைகளை ஒலிப்புத்தகமாகத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட பழைய நாவல்களைப் பலர் ஆளுக்கொரு விதமாக வாசித்துப் பதிவேற்றியிருக்கிறார்கள். அதனால் கதையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், வாசிக்கிற குரலையும் பாருங்கள். வீட்டில் ஐந்து நிமிஷம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரலை மாற்றி அலறுகிறவரைவிட, அமைதியாக வாசித்து உரையாடலில் மட்டும் லேசாகத் தொனியை மாற்றுகிறவர் நெடுந்தூரத்துக்குத் தாங்குவார்.

நாவலின் பலம், பிள்ளைகள் அடுத்த பயணத்தை ஆவலோடு எதிர்பார்ப்பார்கள். சோழர் காலத்துக் கதையில் கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குப் படகு போகிற அத்தியாயங்களை இந்தக் கரையோரத்தில் கேட்பதற்குத் தனி ருசி உண்டு. ஜன்னலுக்கு வெளியே தெரிவதும் கதையில் வருவதும் ஒரே பாக் நீரிணைதான். மகள் அந்த இடத்தில் வரைபடத்தைத் திறந்து கோடிக்கரை எங்கே, தலைமன்னார் எங்கே என்று தேட ஆரம்பித்தாள்.

பலவீனமும் சின்னதில்லை. ஐந்து பாக நாவலில் பெயர்களே ஐம்பது வரும். தூங்கி எழுந்த பிள்ளைக்கு யார் யாரென்று புரியாது. எல்லாரும் ஒன்றாக ஆரம்பித்து, ஒன்றாகத் தொடர முடிகிற குடும்பத்துக்குத்தான் நாவல் சரிவரும். சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ புறப்பட்டு ஏழெட்டு மணி நேரம் வருகிறவர்கள் என்றால் நான் தயங்காமல் நாவலைச் சொல்வேன். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். அதற்குள் நாவலைத் திறந்தால் முன்கதை சொல்வதிலேயே மண்டபம் வந்துவிடும்.

சந்தா கட்டிக் கேட்கிற ஆடியோ தொடர்களும் இருக்கின்றன. பத்து நிமிஷத்துக்கு ஒரு பகுதி, ஒவ்வொன்றும் ஒரு திடுக்கிடலில் முடியும், அடுத்தது தானாக ஓடும். மகளுக்கு இவை பிடிக்கும். குடும்பத்துக்கு நான் போடுவதில்லை. 'அடுத்து என்ன' என்கிற பதைப்பிலேயே கட்டிப்போட்டு வைக்கிற கதையில் யாரும் யாரோடும் பேச முடியாது. நடுவில் யாராவது வாயைத் திறந்தால் சண்டைதான் மிச்சம்.

பேய்க் கதை, கொலைக் கதை. தமிழ் பாட்காஸ்டில் இவற்றுக்குக் குறைவே இல்லை. ராத்திரிப் பயணத்தில் இளைஞர்கள் விரும்பிப் போடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை பின்சீட்டில் இருந்தால் கொலைக் கதை கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தனுஷ்கோடியை வைத்துச் சொல்லப்படும் பேய்க் கதைகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசைப்படுகிறேன். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போகிற குடும்பங்கள் 'சூழ்நிலைக்குப் பொருத்தமாக இருக்கும்' என்று அதைத்தான் தேடிப் போடுகின்றன.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊர் போனது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை, ஊரை நெருங்கிய நேரத்தில் கடல் கொண்டுபோனது. அதிலிருந்தவர்கள் அத்தனை பேரும் போனார்கள். மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அங்கேயே கொட்டகை போட்டுக்கொண்டு இன்றைக்கும் தொழில் செய்கின்றன. இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் சங்கும் பாசிமணியும் விற்கிற அம்மாவின் வீட்டில் அந்த இரவில் யாரையாவது இழந்திருப்பார்கள். அந்த இடத்துக்குப் பேய்க் கதை கேட்டுக்கொண்டே போய் இறங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு அந்த ஊர் பயமாக அல்ல, ஊராகத் தெரிய வேண்டும். அங்கே ரயில் நிலையம் இருந்தது, தபால் ஆபீஸ் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, சென்னையிலிருந்து வந்த ரயில் பயணிகள் அங்கேயிருந்து கப்பலேறித் தலைமன்னார் போனார்கள்.

அதைச் சொல்வதற்கு வரலாற்று பாட்காஸ்ட்கள் இருக்கின்றன. ஓட்டுகிறவருக்கும் மகளுக்கும் இவை ஒத்துப்போகின்றன, அத்தையும் ஆர்வமாகக் கேட்பார். சின்னவனுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. இந்த வகையில் இரண்டு விதம் உண்டு. அரசர்கள் பெயரையும் ஆண்டுகளையும் அடுக்குவது ஒன்று. ஒரு இடத்தையோ ஒரு மனிதரையோ பிடித்துக்கொண்டு சொல்வது இன்னொன்று. வண்டிக்கு இரண்டாவதுதான் சரி. உதாரணமாக, 1897 ஜனவரியில் இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கியதும், ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வரவேற்றதும் அரை மணி நேரக் கதைக்குத் தாராளமாகப் போதும். பாம்பன் பக்கத்துக் குந்துகால் போய் விவேகானந்தர் நினைவு மண்டபத்தைப் பார்க்கவும் செய்யலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஓடுகிற ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளை எடுத்து விநியோகித்த ராமேஸ்வரத்துச் சிறுவன் அப்துல் கலாமின் கதையும் அப்படித்தான். சின்னவனும் காது கொடுக்கிற ஒரே வரலாறு அது.

வரலாற்று பாட்காஸ்டில் ஒரு எச்சரிக்கை. தனுஷ்கோடிப் புயலில் இறந்தவர்கள் எண்ணிக்கை ஆளுக்கொன்றாகச் சொல்லப்படுகிறது. ராமர் பாலத்தைப் பற்றியும் வாய்க்கு வந்ததை உறுதியாகச் சொல்கிறவர்கள் உண்டு. எதை எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்கிறவரைத் தேர்ந்தெடுங்கள். மகள் வயதுப் பிள்ளைகள் கேட்டதை அப்படியே பள்ளிக்கூடத்தில் போய் ஒப்பிக்கும்.

குழந்தைகளுக்கான அறிவியல் பாட்காஸ்டில் ஆங்கிலத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் வானொலியிலிருந்து வரும் 'பட் ஒய்' பிள்ளைகள் தங்கள் குரலிலேயே அனுப்புகிற கேள்விகளுக்கு அந்தத் துறை ஆட்களிடம் பதில் வாங்கித் தருகிறது. 'வாவ் இன் தி வேர்ல்ட்' கூச்சலும் கும்மாளமுமாக ஓடும். என் மகனுக்கு உயிர், அத்தைக்குத் தலைவலி. 'பிரெய்ன்ஸ் ஆன்' இரண்டுக்கும் நடுவில். தமிழில் இந்த அளவுக்குப் பிள்ளைகளையே பேச வைத்துச் செய்கிற அறிவியல் நிகழ்ச்சி வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. இந்தக் கடற்கரைப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளே ஒரு வருஷத்துக்குப் போதும். ஆவுளியா என்கிற கடல்பசு புல்லைத் தின்றே எப்படி அவ்வளவு பெரிதாக வளர்கிறது? பாசி எடுக்கப் போகிற அம்மாக்கள் தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் மூச்சடக்குவார்கள்? கோதண்டராமர் கோயில் பக்கம் வருகிற பூநாரைக்கு ஏன் கால் சிவப்பு?

'பிரெய்ன்ஸ் ஆன்' நிகழ்ச்சியில் ஒரு பகுதியை மட்டும் நாங்கள் எடுத்துத் தமிழாக்கிக்கொண்டோம். ஏதோ ஒரு ஒலியைப் போட்டு, என்ன சத்தம் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். மகள் அதையே தன் போனில் செய்ய ஆரம்பித்தாள். வல்லம் என்கிற மீன்பிடிப் படகின் இன்ஜின் கிளம்புகிற சத்தம், மண்டபத்துக் கரையில் ஏலம் கூறுகிற குரல், பனையோலை காற்றில் உரசுவது, ஐஸ் உடைக்கிற சத்தம், பாலத்தில் ரயில் போவது என்று பதிவுசெய்து வைத்து, வண்டியில் ஒவ்வொன்றாகப் போடுவாள். இந்த விளையாட்டில் அத்தையை யாராலும் ஜெயிக்க முடியாது. ஆங்கில நிகழ்ச்சியில் ஓரமாக உட்கார்ந்திருந்தவர் இதில் நடுவில் வந்துவிட்டார். செலவு ஒன்றும் இல்லை, சின்னவனும் தூங்க மாட்டான்.

மீதி வகைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து சினிமா, வேலை, காதல் என்று அரட்டையடிக்கிற பாட்காஸ்ட்கள் பெரியவர்களுக்கானவை. எந்த நேரத்தில் என்ன வார்த்தை வரும் என்று சொல்ல முடியாது, ஒலியைக் குறைக்கக் கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். செய்தி என்றால் ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ் மாதிரி நிதானமாகத் தருகிறவை நல்லவை. ஆனால் பயணத்தில் செய்தி அரசியல் வாக்குவாதத்தில்தான் போய் முடியும். ராமேஸ்வரத்துக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் ஓரியூர் தேவாலயத்துக்கும் வேண்டுதலோடு போகிறவர்கள் புறப்படும்போது பக்திப் பாடல் போடுவார்கள். அது அவரவர் மனசு. அந்த முதல் அரை மணி நேரத்தில் வேறு எதையும் திணிக்காதீர்கள்.

பாட்காஸ்ட் இல்லாவிட்டாலும் இந்தப் பட்டியலில் கட்டாயம் சேர்க்க வேண்டியது 'கடல் ஓசை'. பாம்பனிலிருந்து 90.4 பண்பலையில் ஒலிபரப்பாகும் சமுதாய வானொலி. மீனவ மக்களுக்காகவே 2016-ல் ஆரம்பித்தது. சமுதாய வானொலி என்பதால் ஒலிபரப்பு எட்டுகிற தூரம் குறைவு. பாம்பனை நெருங்கும்போதுதான் தெளிவாகப் பிடிக்கும், அதுவரை கரகரப்புதான். பிடித்ததும் வேறு எதுவாக இருந்தாலும் நிறுத்திவிட்டு இதைப் போடச் சொல்வேன். காற்று எப்படி, கடல் எப்படி, வலை, மீன், பாசி, கடலைப் பாதுகாப்பது என்று அந்தக் கரையின் அன்றாடம் அந்தக் கரையின் பேச்சிலேயே வரும். வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குப் பாம்பன் என்றால் செல்ஃபி எடுக்கிற பாலம் மட்டுமில்லை, அங்கே ஜனங்கள் வாழ்கிறார்கள் என்பதை இதைவிட எளிதாகப் புரியவைக்க முடியாது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் இருப்பதை என் பிள்ளைகள் வண்டியில்தான் கற்றுக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகு, இந்தக் கரைக்கு நான் முதலில் கைகாட்டுவது எந்தச் செயலியிலும் கிடைக்காத ஒன்று: வீட்டுப் பெரியவரின் குரலை நாமே பதிவுசெய்து எடுத்துப் போவது. இந்த யோசனை கீழக்கரையில் இருக்கிற ஒரு தோழியிடமிருந்து வந்தது. அவள் வீட்டில் பாதிப் பேர் துபாயிலும் சவுதியிலும். அவளுடைய உம்மா பேரப்பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவே கதை அனுப்புவார். சீதக்காதி வள்ளல் கதை, கடலில் வழி தப்பிப்போன பாய்க்கப்பல் கதை, பெரியபட்டினத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணக் கதை. லீவுக்கு வருகிற பிள்ளைகள் மதுரை ஏர்போர்ட்டிலிருந்து கீழக்கரை வருகிற வழியெல்லாம் அந்தப் பதிவுகளைத்தான் மறுபடி போடச் சொல்கிறார்களாம்.

நாங்களும் ஆரம்பித்தோம். 1964-ல் அத்தைக்குச் சின்ன வயசு, மண்டபத்தில் இருந்தார்கள். அந்த ராத்திரி காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, கூரை போனதும் எங்கே போய் ஒண்டினார்கள், விடிந்ததும் என்ன பார்த்தார்கள் என்று துண்டு துண்டாகப் பதிவுசெய்தோம். எந்த வரலாற்று பாட்காஸ்டிலும் வராத சங்கதி அதில் இருக்கிறது. ரயில் போச்சு என்கிற சேதி ஊருக்குள் எப்படி வந்தது, யார் முதலில் சொன்னார்கள், அடுத்த சில நாள் வீட்டில் ஏன் மீன் வாங்கவில்லை. இதையெல்லாம் தனுஷ்கோடி ரோட்டில், பக்கத்தில் அவரே உட்கார்ந்திருக்கக் கேட்டார்கள் பிள்ளைகள். மகள் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டாள். பதிவில் இல்லாததை அத்தை அங்கேயே சொன்னார். அதையும் அவள் பதிவுசெய்துகொண்டாள்.

செய்முறை எளிது. வண்டி ஓடும்போது பதிவுசெய்யாதீர்கள், இரைச்சலில் ஒன்றும் தேறாது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு, வீடு அடங்கின நேரத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு, போனை அவர் மடிக்குப் பக்கத்தில் வையுங்கள். "பழைய கதை ஏதாவது சொல்லுங்க" என்றால் வராது. "மொத மொத ரயில்ல எப்ப போனீங்க?", "புயல் அன்னைக்கு ராத்திரி என்ன சமைச்சீங்க?" என்று ஒரு கேள்வியாகக் கேளுங்கள். ஏழெட்டு நிமிஷத்தில் நிறுத்தி, அதற்கு ஒரு பெயர் போட்டுச் சேமியுங்கள். நடுவில் இருமினாலும், கோழி கூவினாலும், பால்காரர் கூப்பிட்டாலும் வெட்டாதீர்கள்.

வழி வாரியாகச் சொன்னால் தேர்வு இன்னும் சுலபமாகும். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நாலு வழிச்சாலை, வண்டி சீராகப் போகும். நாவலோ, கொஞ்சம் நீளமான வரலாறோ அங்கே. பரமக்குடி தாண்டினால் ரோடு குறுகலாகிறது, எதிரே பஸ்ஸும் லாரியும் ஏறி வரும். ஓட்டுகிறவர் கவனத்தை இழுக்காத, தெரிந்த கதையாகப் போடுங்கள். நாட்டுப்புறக் கதைக்கு அதுதான் இடம். ராமநாதபுரத்தில் இறங்கி டீ குடித்துவிட்டு, உச்சிப்புளி வழியாக மண்டபம் வரை பெரியவர்களின் பதிவு. மண்டபம் வந்ததும் எப்படியும் பிள்ளைகள் ஜன்னலை இறக்கிவிடும். உப்புக் காற்று அடிக்கிற வேகத்தில் எந்தக் குரலும் கேட்காது. 1988-ல் திறந்த சாலைப் பாலம் சுமார் 2.3 கிலோமீட்டர். அதில் போகும்போது எதையும் ஓடவிடாதீர்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தைப் பற்றிச் சொல்லி, 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிற புதுப் பாலத்தைக் காட்டிப் பேசவே நேரம் போதாது.

கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலை வேறு மாதிரி. பனையும் சீமைக்கருவேலமும் வாலிநோக்கம் பக்கம் உப்பளமுமாக நீண்டுகொண்டே போகும், கடல் அவ்வளவாகக் கண்ணில் படாது. பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். சத்தம் கண்டுபிடிக்கிற விளையாட்டையும் கேள்வி–பதில் அறிவியலையும் இந்த வழிக்கு ஒதுக்கி வைப்பேன். தண்ணீர் எப்படி உப்பாகிறது என்கிற கேள்விக்கு ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் குவியலாகவே பதில் இருக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளே வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சிக்னல் வரும், போகும். ராமேஸ்வரம் தாண்டி அரிச்சல்முனைப் பக்கம் போனால் இன்னொரு வேலையும் இருக்கிறது. அங்கேயிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான் என்பதால் சில நேரம் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். டேட்டா ரோமிங்கை முன்னாலேயே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கதைக்கு எதிர்பாராத பில் வரலாம். கேட்க வேண்டியதை வரிசையாக அடுக்கி, 'அடுத்தது தானாக ஓடட்டும்' என்கிற அமைப்பையும் நிறுத்தி வையுங்கள். ஒரு கதை முடிந்ததும் கிடைக்கிற அந்த இரண்டு நிமிஷ இடைவெளியில்தான் பிள்ளைகள் பேச ஆரம்பிக்கும்.

திரும்பி வருகிற பயணத்துக்கு மட்டும் கணக்கு மாறும். வெயிலிலும் கடலிலும் ஆடிய பிள்ளைகள் தங்கச்சிமடம் வருவதற்குள் தூங்கிவிடும், அத்தையும் கண்ணசருவார். அப்போது ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வராமல் இருப்பதுதான் முக்கியம். நிதானமான ஒற்றைக் குரல் வாசிப்பு அந்த நேரத்தில் தாலாட்டாகிவிடும், அதைப் போடவே போடாதீர்கள். காலையில் நான் ஒதுக்கிய அரட்டை பாட்காஸ்டை எடுத்து, பின்சீட்டுக்குப் போகாத அளவுக்கு ஒலியைக் குறைத்து, முன் ஸ்பீக்கரில் மட்டும் போடுங்கள். முன் சீட்டில் இருக்கிறவரும் தூங்காமல் கூடவே கேட்டு, நடுநடுவே ஏதாவது பேசிக்கொண்டே வாருங்கள். ஓட்டுகிறவர் பதில் சொல்ல நேரமெடுக்க ஆரம்பித்தால் பாட்காஸ்டை நம்பி ஓட்டாமல், அடுத்த டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்கள்.